தொட்டதுண்டா

மூக்குக்குள்ள குச்சிய விட்டுத் திருகி எடுத்து
மூடி போட்ட குழாயில முறிச்சுப் போட்டுட்டு
அந்தப் பிள்ள காயிதத்தப் பாத்து வாசிக்கா:
"கடந்த பத்து நாட்களில்
உயிருள்ள கோழி, வாத்து, வேறு பறவை எதையாவது
தொட்டதுண்டா? ஆம், இல்லை."

தொடாத நாளு எதுன்னு கேளு தாயி,
யோசிச்சுச் சொல்லுதேன்.

மூலைக்கரைப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால
தங்கப்பழம் அண்ணாச்சி கறிக்கடை.
விடியுமுன்ன நாலு மணிக்கு லோடு வரும்.
காலப் பிடிச்சுத் தலைகீழா
கைக்கு அஞ்சா இறக்குவேன்.
செறகடிச்ச தூசி மூஞ்சியெல்லாம் அப்பும்.
அறுக்கது அவரு.
வெந்நியில முக்கி, முடி பறிச்சு,
ஈரலு கெடாம பித்தப்பைய நுள்ளி எடுக்கது நானு.
அந்தக் கையோடதான் வேர்வைய வழிப்பேன்,
அந்தக் கையோடதான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுவேன்.
வீட்டுல அஞ்சு நாட்டுக்கோழி,
கொடைக்கு மாடனுக்குன்னு நேந்துவிட்ட செஞ்சாவல் ஒண்ணு.
மழை பேஞ்சா அதுக கட்டிலுக்கு அடியில,
நான் கட்டிலு மேல.

"ஆம்"ல வட்டம் போட்டா.
இம்புட்டுக்கும் ஒரே வட்டம்.

"நோயுற்ற பறவை, இறந்த பறவை?"

செவ்வாக்கிழமை.
கூண்டு மூலையில ஒரு பெட்டை
கழுத்தத் தொங்கப் போட்டு நின்னுச்சு.
கொண்டை நாவப்பழம் கணக்கா கறுத்து,
மூக்கோரம் நொரை.
"சாவுமுன்ன அறுத்துருவோம் முப்பிடாதி"ன்னாரு அண்ணாச்சி.
கெட்டவரு இல்ல.
வியாழக்கிழமை தண்டல்காரன் வருவான், அவ்வளவுதான்.
அத யாரு தலையிலயும் கட்டல.
எனக்கே தந்தாரு, கூலியில அம்பது ரூவா கழிச்சு.
கொழம்பு வச்சேன். மகன் ரெண்டு தடவ வாங்கித் தின்னான்.

பேனாவ வச்சுட்டு அந்தப் பிள்ள சொல்லுதா:
"சீக்குக்கோழிய அறுக்கவே கூடாதும்மா.
நல்லா வெந்த கறி பயமில்ல.
பிடிச்சது, பறிச்சது, கழுவுனது,
அதுலதான் ஒட்டும்."

தின்னவனுக்கு ஒண்ணுமில்லியாம்.
தொட்டவளுக்குத்தானாம்.
எனக்குச் சிரிப்பு வந்து இருமலாப் போச்சு.
எங்க தெருவுக்குள்ள இதப் போயிச் சொன்னா
யாரும் ஆச்சரியப்பட மாட்டாவ.

இன்னொண்ணு இருக்கு. சொல்லணுமா வேண்டாமான்னு
போர்வை நுனியத் திருகிக்கிட்டே கெடந்தேன்.
சொன்னா ஜீப்பு வரும்.
வெள்ளை உடுப்புப் போட்டவங்க சாக்கோட எறங்குவாங்க.
பள்ளம் தோண்டி பிளீச்சிங் பவுடர் தூவுவாங்க.
சிவனம்மா வீட்டுக் கூடை, பேச்சியா வீட்டுக் கூடை,
அண்ணாச்சி கடை, மாடன் சாவல்,
எல்லாம் ஒரே குழியில.
கூந்தங்குளத்துல எறங்குன வாத்துக மேல பழியப் போட்டுட்டு
நாம தப்பிச்சிரலாம்னு ரெத்தினபாண்டி சொல்லுதான்.
அதுக பாட்டுக்கு எத்தன மலை தாண்டி வருதுக.
என் வாய் அதுகளத் தொடலியே.

ஆமா தாயி, வாயிதான்.
புதங்கிழமை ராத்திரி என் புள்ளிக்கோழி
மூச்சு முட்டிக் கொறட்டை விட்டுச்சு.
பதினோரு முட்டை மேல அடைகெடந்த கோழி.
சேவக்கட்டுக்குப் போற எங்கய்யா செய்யது மாதிரி
அலகப் பிரிச்சு, வாயி வச்சு, சளிய உறிஞ்சித் துப்புனேன்.
பெறவு ஊதுனேன்.
மூணு தடவ கண்ண முழிச்சுப் பாத்துச்சு.
நாலாவது தடவ பாக்கல.

காயிதத்துல இதுக்குக் கட்டம் இல்ல.
ஓரத்துல பொடி எழுத்துல எழுதுனா.
எழுதிட்டு, மூக்குக்கு எறங்கிக் கெடந்த முகக்கவசத்த
மெதுவா ஏத்திவிட்டுக்கிட்டா.
நாற்காலியப் பின்னால தள்ளல. அதப் பாத்தேன்.

சளி எங்கேயோ தூரமாப் போயிருக்கு.
பதில் வரட்டும்னு தனி ரூமுல
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில கெடக்கேன்.
மகனுக்குக் காய்ச்சல் இல்லன்னு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு விரலாட்டிச் சொன்னான்.

இப்பம் சன்னலுக்கு வெளிய,
வாச்மேன் வளக்குற கோழியா இருக்கும்,
குப்பைத்தொட்டி ஓரமாக் கிண்டுது.
ரொட்டியப் பிச்சுட்டேன்.
"பா... பா..."ன்னு நாக்கு அதுவாக் கூப்பிட்டுருச்சு.
தலையச் சாய்ச்சுப் பாத்துட்டு ஓடி வருது.

கைய போர்வைக்குள்ள வச்சுக்கிட்டேன்.
ரொட்டியோட.